துணி கட்டிய செடி

ஒன்பதாம் நம்பர் மலையின் மேல் விளிம்பில், காடு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கலாராணி தேயிலைக் கொழுந்துக்குக் கை நீட்டியபோது செடியின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனைக்குட்டியின் சத்தம் போலத்தான் இருந்தது. ஆனால் பூனைக்கு அவ்வளவு அடித்தொண்டை கிடையாது. அவள் வாதுகளை விலக்கிக் குனிந்து பார்த்தாள். இரண்டு சிறுத்தைக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கண் திறந்து அதிக நாள் ஆகியிருக்காது. ஒன்று அவளைப் பார்த்துச் சீற முயன்று, முடியாமல் கொட்டாவி விட்டது.

அவள் நிமிர்ந்தபோது, மேலே ஆளுயர மானாப்புல்லுக்குள் தாய் நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ. பாயவில்லை, உறுமவில்லை. வெறுமனே பார்த்தது. கலாராணியும் பார்த்தாள். கூடைக் கயிறு நெற்றியில் அழுந்திக்கொண்டிருந்தது. அவள் முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு செடியாகக் கையால் தடவிக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

கத்தியிருந்தால் மலை முழுவதும் கூடியிருக்கும். அப்படிக் கூடினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். போன வருடம் மேல் பிரிவில் ஒரு குட்டி கிடைத்தது. கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் படம் எடுத்தார்கள். தோட்டத் தொரையின் பங்களாவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து அவர்கள் மடியிலும் வைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டார்கள். தாய் வரவில்லை. பிறகு எறும்பு வந்தது. எல்லோரும் பாவம் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனார்கள்.

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்புச் சாக்குக்குள் ஒரு சிவப்புத் துணித் துண்டு வைத்திருப்பார்கள். குளவிக்கூட்டைக் கண்டவள் கூட்டுக்குத் தள்ளி, அந்த நிரையின் கீழ் முனையில் துணியைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். துணியைக் கண்டால் அதைச் சுற்றி ஒருத்தியும் கை வைக்க மாட்டாள். எத்தனை கிலோ குறைந்தாலும் கங்காணி கேட்க மாட்டார். குளவி கொட்டிச் செத்தவர்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள்.

கலாராணி தன் துணியை எடுத்தாள். மறுபடி நாலு எட்டு மேலே ஏறி, குட்டிகள் கிடந்த செடியிலேயே, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் ஒரு வாதில் கட்டினாள். தாய் இப்போது புல்லுக்குள் தெரியவில்லை.

"குளவியா?" என்று கீழேயிருந்து அழகையா கங்காணி கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் பெண்களை அடுத்த மலைக்குத் திருப்பினார்.

அந்தக் குட்டிகள் நடந்து காட்டுக்குள் போகும்வரை அங்கே யாரும் போகக் கூடாது. அவள் நினைத்தது அவ்வளவுதான். மலை அடுத்த மாதம் கவ்வாத்துக்கு வருகிறது. செடியெல்லாம் வெட்டப்பட்டு மொட்டையாகிவிடும். அதற்குள் அவை போய்விட வேண்டும்.

ஒருத்தியிடம் மட்டும் அதை மறைக்க முடியவில்லை. லயத்து வரிசையில் ஒரு சுவர் தள்ளி, பக்கத்துக் காம்பிராவில் இருந்த பாக்கியலெட்சுமிக்கு அவளைவிடப் பத்து வயது கூட. உறவு கிடையாது, ஆனால் மதினி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. தேத்தண்ணி நேரத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டு பாக்கியலெட்சுமி கேட்டாள்:

"என்னடி கலா, குளவிக்கூட்ட மாப்பிள்ள வீட்டப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே இருக்க?"

கலாராணி சொல்லிவிட்டாள். பாக்கியலெட்சுமி வெகுநேரம் மென்றாள்.

"குட்டி எத்தன?"

"ரெண்டு. வாயத் தொறந்துறாத மதினி."

"எனக்கு ஏதுடி வாயி? வெத்தல போடத்தான் தொறக்குறேன்."

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மலைக்குப் போகும்போது பாதையின் திருப்பத்தில் இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்ப்பார்கள். சிவப்பு தெரியும். குனிந்து நடப்பார்கள். கலாராணிக்கு அந்த நாட்களில் வேலை பாரமாகத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு நல்ல காரியம் தலைக்கு மேலே நடந்துகொண்டிருப்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் ரமேஸ் வந்தான். கலாராணியின் மகன். பதுளை டவுனில் கஜேந்திரன் முதலாளியின் நகைக்கடையில் வேன் ஓட்டுகிறான். மகள் விஜயலெட்சுமிக்குத் தலைப்பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை வருகிறது. பெண் குழந்தை. தாய்மாமன் வந்து அரைஞாண் கட்டி, கழுத்துக்கு ஏதாவது போட்டால்தான் பெயர் வைக்க முடியும். ரமேஸ் சீனி, மா, குழந்தைக்கு உடுப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தான். கழுத்துக்கு என்ன என்று விஜயலெட்சுமி கேட்டதற்கு, அது வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்று சிரித்தான்.

லயத்தில் சிக்னல் கிடைக்காது. பின்னேரங்களில் போனை எடுத்துக்கொண்டு அவன் மலைப்பக்கம் ஏறுவான். ஒருநாள் இறங்கி வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான், ஒன்பதாம் மலையில் குளவியா என்று. ஆமாம், அந்தப் பக்கம் போகாதே என்றாள். போகவில்லை என்றான். தன்னைப் பற்றிய கவலையில் கேட்கிறான் என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் மலைக்கு ஏறிய பெண்கள் ஓடையைத் தாண்டும்போது சிறுத்தையைக் கண்டார்கள்.

அது ஒருக்களித்துக் கிடந்தது. இடுப்பில் கம்பிச் சுருக்கு இறுகி, தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளில் செய்த சுருக்கு. அறுபட்ட முனை உடம்போடு வந்திருந்தது. நாலு பாதமும் இல்லை. மணிக்கட்டோடு வெட்டி எடுத்திருந்தார்கள். வாயைக் கல்லால் அடித்துப் பிளந்து பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். தோலை உரிக்கத் தொடங்கி, ஏதோ அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது.

லயத்திலிருந்து ஆண்களும் ஓடிவந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதற்குப் பிறகு போன்கள் வெளியே வந்தன. ஒருத்தன் குனிந்து வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னான். கலாராணி அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் சிரித்தான். செத்ததற்கு வலிக்குமா அக்கா என்றான்.

தொரை வந்தார். காட்டோரம் மரக்கறித் தோட்டம் போடுகிறவர்கள் பன்றிக்குச் சுருக்கு வைப்பதாகவும், இந்தத் தோட்டத்தின் பெயரே இவர்களால் கெட்டுப்போகிறது என்றும், எல்லோரும் கள்ளர்கள் என்றும் சத்தம் போட்டார். பன்றிக்குச் சுருக்கு வைத்தவன் பாதத்தை ஏன் வெட்டப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. அழகையா கங்காணி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

உச்சிப்பொழுதில் வனவிலங்கு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். அவர்களோடு ஒரு மிருக வைத்தியரும் வந்தாள். துவாரகா என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். சேற்றில் முழங்காலிட்டு உடம்பைப் புரட்டினாள். வயிற்றைத் தடவிய கை ஓரிடத்தில் நின்றது.

"பால் குடுக்கிற தாய் இது," என்றாள். கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். "குட்டியள் கிட்டத்தான் எங்கையோ இருக்கும். ஆராவது கண்டனீங்களா?"

கலாராணி பாக்கியலெட்சுமியைப் பார்த்தாள். பாக்கியலெட்சுமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை விலகியதுதான் கலாராணியின் நெஞ்சில் குத்தியது. சொன்னது ஒரே ஒருத்தியிடம். வெற்றிலை போடத்தான் வாயைத் திறப்பேன் என்றவள். இவள் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய காட்டில் அந்த ஒரு தடத்தில் சுருக்கு எப்படி விழுந்தது?

சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்தன. இப்போது சொன்னால் வைத்தியருக்கு முன்னால் இவர்கள் ஓடுவார்கள். கலாராணி வாயை மூடிக்கொண்டாள். துவாரகா தன் போன் நம்பரைச் சொல்லி, குறித்துக்கொள்ளும்படி கேட்டாள். பாக்கியலெட்சுமி மட்டும் போனில் போட்டுக்கொண்டாள். உடம்பை ஜீப்பில் ஏற்றினார்கள். பாதம் இல்லாத கால்கள் தகரத்தில் இடித்துக்கொண்டே போயின.

வேலை முடிந்து கலாராணி தனியாக மேலே ஏறினாள். துணி அப்படியே இருந்தது. செடியின் அடியில் இரண்டும் இருந்தன. ஒன்று கத்திக்கொண்டிருந்தது, குரல் பாதிதான் வந்தது. மற்றது கத்தவில்லை. அவள் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.  

கீழே வந்ததும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமியிடம் நேரே போனாள்.

"எவனுக்குச் சொன்ன?"

"என்னத்த?"

"எவனுக்குச் சொன்ன மதினி? என்ன வாங்குன அதுக்கு?"

பாக்கியலெட்சுமி குடத்தை இறக்கி வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யட்டுமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். கலாராணி அதற்கும் ஒரு சொல் சொன்னாள். பிள்ளைகளைப் பற்றி, திரும்ப எடுக்க முடியாத ஒரு சொல். பாக்கியலெட்சுமி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரவு அடுப்படியில் கலாராணிக்கு வைத்தியரின் நம்பர் நினைவுக்கு வந்தது. கங்காணி வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். தான் குறிக்கவில்லை, பாக்கியத்திடம் இருக்கிறது என்று பதில் வந்தது. பாக்கியலெட்சுமியின் காம்பிரா பக்கத்துக் கதவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்டது. கலாராணி எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். திரும்பிவந்து அடுப்பை ஊதினாள். நாளைக்குப் பெயர் வைத்து முடிந்ததும் எப்படியாவது பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே காம்பிரா நிறைந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் ஹாலிஎலவிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். வாசலில் தறப்பாள் இழுத்துக் கட்டியிருந்தது. பாக்கியலெட்சுமியும் வந்திருந்தாள். லயத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு வராமல் இருக்க முடியாது. ஆனால் உள்ளே வரவில்லை. தறப்பாளுக்கு வெளியே, கொய்யா மரத்தடியில் நின்றாள்.

பாட்டி மடியில் குழந்தையை வைத்துத்தான் தாய்மாமன் போட வேண்டும். கலாராணி பாயில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கொடுத்தார்கள். எண்ணெயும் பாலும் கலந்த வாசம். ரமேஸ் வெள்ளைச் சட்டையோடு எதிரே மண்டியிட்டான். அரைஞாணைக் கட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு வெல்வெட் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தான்.

மெல்லிய சங்கிலி. அதன் நடுவில் தங்கப் பூண் போட்ட புலிநகம். சிறுத்தையின் நகத்துக்கும் அங்கே அதுதான் பெயர்.

பெண்கள் முன்னால் சாய்ந்தார்கள். அசலா என்று ஒருத்தி கேட்டாள். அசல்தான், கடைகளில் விற்பது எல்லாம் மாட்டுக் கொம்பு என்று ரமேஸ் சொன்னான். சம்பந்தி அம்மாளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. புலிநகம் கழுத்தில் கிடந்தால் பிள்ளை எதற்கும் பயப்படாது, ராத்திரியில் திடுக்கிடாது என்று சொன்னாள். அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போடுவார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள்.

நகத்தின் வேர் வெள்ளையாக இருந்தது. பூணின் விளிம்பில் கோடு போல ஏதோ ஒன்று காய்ந்திருந்தது. சரியாகத் துடைக்காமல் விட்டிருந்தார்கள்.

ரமேஸ் சங்கிலியைக் குழந்தையின் கழுத்துக்குக் கொண்டுவந்தான். கலாராணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவள் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, மகனின் கையைப் பிடித்த பிடியிலேயே எழுந்து, அடுப்படி வழியாகப் பின்பக்கம் கூட்டிப்போனாள். சங்கிலி அவர்கள் இருவர் கைக்கும் நடுவில் தொங்கியது.

"எங்க வாங்குன?"

"மொதலாளி குடுத்தாரு. பிள்ளைக்குன்னு."

"எங்க வாங்குன ரமேஸ்?"

அவன் கொல்லைப்புறத்து மலையைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, மறைக்க ஒன்றுமில்லாதவன் போலப் பேசினான். முதலாளியிடம் கேட்டு வருகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். நகத்துக்கு ஒருவன், பல்லுக்கு ஒருவன். நேற்றுப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு நகம் மட்டும் அவனுடைய பங்காகக் கிடைத்தது, கடையிலேயே பூணும் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் அவன் விற்கவில்லை. தங்கச்சி பிள்ளைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறான். இதற்குமேல் ஒரு தாய்மாமன் என்ன செய்ய முடியும்?

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்றாள் கலாராணி. குரல் அவளுடையது போல இல்லை. "பாக்கியமா சொன்னா?"

"பாக்கியத்தம்மாவா? அவங்க என்னத்தச் சொன்னாங்க." அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "நீதான்மா சொன்ன."

"நான் எங்கடா சொன்னேன்?"

"துணி சொல்லுச்சு. குளவியக் கண்டவ பயந்து ஓடியாந்து, தூரத்துல, நிரை முனையில கட்டுவா. சின்னப் பிள்ளையில இருந்து பாக்குறேன். நீ உச்சியில, ஒத்தச் செடியிலயே கட்டியிருந்த, காவல் வச்ச மாதிரி. அங்க என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிருச்சு. போய்ப் பாத்தேன். குட்டி இருந்தா தாய் வராம எங்க போகும்?"

உள்ளே யாரோ ரமேசைக் கூப்பிட்டார்கள். குழந்தை அழத் தொடங்கியிருந்தது.  கலாராணிக்குப் பீலிக்கரையில் பாக்கியலெட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு போன முதுகுதான் தெரிந்தது.

"குட்டிய ஏன் விட்டுட்டு வந்த?" என்று கேட்டாள். தாயைக் கொன்றவன் குட்டிகளைச் சும்மா விட்டிருக்க மாட்டான் என்று அவளுக்கு எங்கோ தோன்றியது.

அவன் தயங்கினான். "இன்னிக்குப் பகலைக்கு வேன் வருது. உசிரோடதான் கேட்டிருக்காங்க. ரெண்டும். யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. சாகத்தானே போகுது அதுக. எங்கயாவது பங்களாவில பால் குடிச்சுக்கிட்டுக் கெடக்கும்."

"தாய நீதான கொன்ன."

"நான் மட்டுமா? இந்தத் தோட்டம் முழுக்கச் சுருக்கு இருக்கு. பன்னிக்கு வச்சாப் பாவம் இல்ல, இதுக்கு வச்சா மட்டும் பாவமா?"

"பன்னிக்கு வச்சவன் வயித்துக்கு வச்சான். நீ சங்கிலிக்கு வச்ச."

அவன் கையிலிருந்து சங்கிலியை இழுத்தெடுத்தாள். இழுத்த வேகத்தில் கொக்கி அறுந்தது. உள்ளே போனாள்.  சங்கிலியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேற்று ஓடையில் கிடந்ததே, அதன் கால்தான் இது என்று சொன்னாள். அதன் குட்டிகள் இரண்டும் மேலே கிடக்கின்றன, தூக்கிப்போக வேன் வருகிறது, யாராவது வாருங்கள் என்றாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று சம்பந்தி அம்மாள் சொன்னாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசலாமே என்று யாரோ சமாதானம் செய்தார்கள். புலிதானே என்றது ஒரு குரல். விஜயலெட்சுமி குழந்தையை இறுக்கிக்கொண்டு, அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னாள். அந்தக் குழந்தைக்கு என்ன பயம் வந்துவிடப்போகிறது? அதைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள். எதற்கும் பயப்படாமல் நின்று பார்த்த ஒன்றைப் பாதமில்லாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். அதன் நகத்தைப் பிடுங்கி இவர்கள் பயத்துக்கு மருந்து செய்கிறார்கள். கலாராணிக்குச் சாப்பாட்டுக்கு விரித்திருந்த வாழை இலைகளையெல்லாம் வாரி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது.

அவள் வெளியே வந்து கொய்யா மரத்தடிக்குப் போனாள்.

"மதினி, அந்த நம்பர் இருக்கா?"

பாக்கியலெட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"இருக்கு. இங்க சிக்னல் இல்ல. நட."

மலைக்குப் போகும் வழியில் பாக்கியலெட்சுமி போனில் பேசினாள். தெரிந்த அளவு நேராகச் சொன்னாள். எந்த மலை, எந்தப் பாதை, எவ்வளவு சீக்கிரம். கலாராணி முன்னால் நடந்தாள். நேற்றுச் சொன்ன சொல்லைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஏற்றத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது மட்டும் கேட்டது.

செடியின் அடியில் கத்திக்கொண்டிருந்தது இன்னும் உயிரோடு இருந்தது. மற்றது அதன்மேல் தலையை வைத்துக் கிடந்தது. அதன் காதில் எறும்பு ஊர்ந்தது. கலாராணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்று ராத்திரி ஒரு சுவர்தான் நடுவில் இருந்தது. ஒரு கதவைத் தட்டியிருக்கலாம்.

"வா, ஒக்காரு," என்றாள் பாக்கியலெட்சுமி.

இருவரும் செடிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். உச்சி வெயில். கீழே பாதையில் வேன் ஒன்று வந்து நின்றது. ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. ரமேசும் மூடி போட்ட கூடையோடு இன்னொருத்தனும் ஏறி வந்தார்கள். அம்மாவைக் கண்டதும் ரமேஸ் நின்றான்.

"டேய் ரமேசு," என்றாள் பாக்கியலெட்சுமி. "சீர் செய்ய வந்தவன் கூடைய மேல தூக்கிட்டு வாற. தடம் மாறிட்டியா?"

கூட வந்தவன் சிரித்தான். ரமேஸ் சிரிக்கவில்லை.

"எந்திரிம்மா."

"தூக்கு," என்றாள் கலாராணி. "மொதல்ல என்னையத் தூக்கு. அப்புறம் அதத் தூக்கு."

அவன் ஒரு எட்டு வைத்தான். அவள் அசையவில்லை. மகன் முகத்தைப் பார்த்தாள். அவனைத் தூளியில் போட்ட காம்பிராவிலிருந்து இன்றைக்கும் சமையல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அது அவளை இளக்கவில்லை, இன்னும் கோபமாக்கியது. இந்த மண்ணில் வளர்ந்து, குளவித் துணி எதற்கு என்று தெரிந்து, அந்த அறிவையே விற்கப் பழகியிருக்கிறான். பழக்கியவன் பதுளையில் குளிரூட்டிய கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

 கூடைக்காரன் முதலில் சலித்துக் கீழே இறங்கினான்.

"பேரச் சொல்லிருவியா?" என்று ரமேஸ் கேட்டான்.

"சொல்லுவேன்."

அவன் திரும்பி இறங்கினான். பாதித் தூரத்தில் ஒருதரம் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. வேன் போனது.

துவாரகா வந்தபோது வெயில் மறுபக்கம் சாய்ந்திருந்தது. அவளோடு அதிகாரி ஒருவரும் வந்தார். துவாரகா உயிரோடு இருந்த குட்டியைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, துளித் துளியாகப் பால் கொடுத்தாள். பிழைக்குமா என்று பாக்கியலெட்சுமி கேட்டாள். சொல்லத் தெரியவில்லை, நேற்றே கிடைத்திருந்தால் நல்லது என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கலாராணி அதை ஏற்றுக்கொண்டாள்.

பிறகு அறுந்த சங்கிலியைக் கொடுத்தாள். துணி கட்டியதிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். மகன் பெயரைச் சொன்னாள். துவாரகா எழுதிக்கொண்டே வந்தாள். கஜேந்திரன் முதலாளியின் பெயரும் கடை இருக்கும் தெருவும் வந்தபோது பக்கத்தில் நின்ற அதிகாரி தொண்டையைக் கனைத்தார். பேனா நின்றது.

"அம்மா," என்றாள் துவாரகா. "மகன்ர பேரை எழுதியிட்டன். முதலாளியின்ர பேருக்குச் சாட்சி வேணும்."

"என் மகனுக்கு யாரு சாட்சி?"

"அதுக்கு நீங்கள்தானே சொல்லுறியள்."

கலாராணி எழுந்து நின்றாள்.

"பெத்தவ வந்து சொன்னதால புள்ள பேரு ஏறிருச்சு. அப்ப வாங்குனவன் பேரு ஏற, அவன் அம்மா வந்து சொல்லணுமா?"

 பெட்டிக்குள் குட்டி கத்தியது. காட்டு விளிம்பில் மானாப்புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. அங்கே இப்போது யாரும் நிற்கவில்லை. அதிகாரி பாதையைப் பார்த்தார். துவாரகா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"வாசிங்க," என்றாள் கலாராணி.

துவாரகா வாசித்தாள். முதலில் ரமேஸ், அதற்குக் கீழே கஜேந்திரன்.

"அப்படி இல்ல. மேல அவன் பேரு. கீழ என் மகன் பேரு. கேட்டவன் மொதல்ல, கொன்னவன் பிறகு."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். துவாரகா அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.